பள்ளிக்கூட வயசு

டோக்கன் பத்தொன்பது. இப்பத்தான் பதினொண்ணு உள்ள போயிருக்கு. இன்னும் ஏழு பேர், அப்புறம் நான், ஆளுக்குப் பத்து நிமிஷம்னாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு மணி நேரத்துல ஒருத்தி வாயைத் திறக்கறதா மூடிக்கறதான்னு முடிவு பண்ண முடியாதா, முடியணும், இல்ல முடிவே பண்ண வேண்டாம், பேசாம உள்ள போயி, டாக்டரம்மா 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்றதைக் கேட்டுத் தலையாட்டிட்டு, கீழ கேன்டீன்ல ஒரு காபியைக் குடிச்சிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயி முசிறி பஸ்ஸைப் பிடிச்சா ரெண்டு மணிக்கு வீடு. யாருக்குத் தெரியப் போகுது. எனக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். பக்கத்துல இவர் உட்கார்ந்திருக்கார், என் வீட்டுக்காரர், மடியில ஃபைலை வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. மோட்டாருக்குக் காயில் கட்டுற கை, எத்தனை சோப்புப் போட்டாலும் வார்னிஷ் வாசனை போகாது. மசக்கையில அந்த வாசனைக்குத்தான் நான் ஓடி ஓடி வாந்தி எடுத்தேன். பாவம் மனுஷன், பட்டறையிலேயே குளிச்சிட்டு வர ஆரம்பிச்சார். அந்த ஃபைலுக்குள்ள நாலாவதா ஒரு காகிதம் இருக்கு. பன்னிரண்டாவது வாரத்துல ஸ்கேனும் ரத்தமும் எடுத்து, பிள்ளைக்கு மூளை வளர்ச்சிக் கோளாறு வர எவ்வளவு வாய்ப்புன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த காகிதம். முந்நூத்திப் பத்துல ஒண்ணு. இருநூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் பயமாம், எனக்கு முந்நூத்திப் பத்து, அதனால பச்சைக் கட்டம் போட்டுக் கொடுத்துட்டாங்க. இவர் அன்னைக்கே பட்டறைப் பசங்களுக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். ஆனா அந்தக் கணக்குக்கு முதல் வரி என்னோட வயசு. நாற்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. எனக்கு நாற்பத்தொண்ணு இல்ல. நாற்பத்தி நாலு.

நாற்பத்தி நாலு, நாற்பத்தி நாலு, மனசுக்குள்ள சொன்னாக்கூட யாரோ பக்கத்து வீட்டுக்காரி வயசைச் சொல்ற மாதிரி இருக்கு. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லையே. எங்கப்பா போர்வெல் லாரி ஓட்டினவர். ஆந்திரா, கர்நாடகான்னு அந்த வண்டி எங்க குழி தோண்டுதோ அங்க ஒரு தகரக் கொட்டகை, அம்மாவும் நானும் பின்னாலயே போவோம், எட்டு வயசு வரைக்கும் பள்ளிக்கூட வாசலையே நான் மிதிக்கல. ஊருக்குத் திரும்பி ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கப் போனப்ப, ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைங்களையும் போலக் கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச் சொன்னார். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு விரல் நுனிதான் காதுல படும். என் கை காதைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் வந்துச்சு. வரிசையில நின்ன பொடிசுங்க சிரிச்சுதுங்க, ஹெட்மாஸ்டரும் சிரிச்சார். 'எட்டுன்னு போட்டா பின்னாடி கவர்ன்மென்ட் வேலைக்கு வயசு தாண்டிடும்யா, அஞ்சுன்னே போட்டுடறேன், ஜூன் அஞ்சு'ன்னார். ஜூன் அஞ்சுதான் அந்த வருஷம் சேர்ந்த பாதிப் பேருக்குப் பொறந்த நாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார், ஏதோ நிலத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி. அப்படி மூணு வருஷம் காணாமப் போச்சு. அந்த மூணு வருஷத்தாலதான் எனக்கு வேலை கிடைச்சுது, அதையும் சொல்லணும், இல்லேன்னா நன்றி கெட்டவளாயிடுவேன். நான் வேலை பார்க்கறது நகராட்சியில, அதுவும் பிறப்பு இறப்புப் பதிவுல! தேதி தப்பா விழுந்திருக்கு மேடம்னு வர்றவங்களை, அதுக்கு ஆதாரம் இருக்கா, எழுதினது எழுதினதுதான், அடுத்த ஆள் வாங்கன்னு நான் விரட்டாத நாளே இல்ல. ஒரு கிழவர் போன மாசம் என் மேஜை முன்னாடி நின்னு, 'நான் பொறந்தது எனக்குத் தெரியாதாம்மா?'ன்னார். தெரியாதுங்க, கையெழுத்துப் போடுங்கன்னேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு.

பன்னிரண்டு. ஜெசிந்தா சிஸ்டர் கதவைத் திறந்து கத்தறாங்க, டோக்கன் பன்னிரண்டு, பன்னிரண்டு யாரும்மா. பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பொண்ணு எழுந்து போகுது, கூடவே மாமியார், மாமியாருக்கும் என் வயசுதான் இருக்கும். எந்த வயசு? ரெண்டு வயசுலயும் எந்த வயசுன்னு என்னையே நான் கேட்டுக்க வேண்டியிருக்கு. என் பக்கத்துல இருக்கிற அம்மா, மூக்குத்தி போட்டவங்க, ரொம்ப நேரமா என்னைப் பார்த்துட்டு, 'எத்தனாவது?'ன்னு கேட்டாங்க. பத்தொன்பதுன்னேன். 'டோக்கனைக் கேக்கல, பிள்ளை எத்தனாவது?' இதுதான் முதல்னேன். அதோட அவங்க ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க, அதுல ஒண்ணும் இல்ல, இருட்டாத்தான் இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பதினாலு வருஷம். சேலம் டாக்டர், கும்பகோணம் வைத்தியர், கரு வளர்க்கிற அம்மன், எல்லாம் பார்த்து ஓய்ஞ்சு, விடு கோதை நமக்கு நாமன்னு இவரே சொல்லி, நானும் விட்டுட்டேன். இந்த ஆடியில நாள் தள்ளிப் போனப்ப, சரி, நிக்கப் போகுது, எல்லாருக்கும் வர்றதுதானேன்னு மெடிக்கல்ல கால்சியம் மாத்திரை வாங்கி முழுங்கிக்கிட்டிருந்தேன். ஒரு மாசம் முழுங்கினேன்! ஆபீஸ்ல பக்கத்து சீட்டு மல்லிகா, அடியே உன் மூஞ்சியைப் பார்த்தா நிக்கப் போற மூஞ்சி மாதிரி இல்லன்னு இழுத்துட்டுப் போயி டெஸ்ட் பண்ண வெச்சா. அன்னைலேருந்து சந்தோஷமா இருக்கேனான்னு கேட்டா, இருக்கேன், ஆனா சந்தோஷம் வர்றப்பல்லாம் பயம் முன்னாடியே வந்து உட்கார்ந்துக்குது.

இந்தக் காகிதத்தை முதல்ல நான் ஒழுங்காப் பார்க்கவே இல்ல. பச்சைக் கட்டத்தைப் பார்த்தோம், சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சு ஆபீஸ்ல மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சும்மா எடுத்து வரி வரியாப் படிச்சேன், படிக்கிற வியாதி எனக்கு, பாரத்துல எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கான்னு பார்க்கிற வியாதி. தாயின் வயது, நாற்பத்தொண்ணு. கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு ஆதாரைப் பார்த்துத் தட்டியிருக்கு, நானும் ஆமான்னிருக்கேன், முப்பத்தாறு வருஷமா எல்லா இடத்துலயும் ஆமான்னு சொல்ற மாதிரி. அப்புறம் ஃபோன்ல தேடினேன், ஏன்தான் தேடினேனோ. ஒவ்வொரு வயசுக்கும் ஒரு எண் போட்டிருந்துச்சு, நாற்பதுக்கு அப்புறம் அந்த எண் மாடிப்படி இறங்கற மாதிரி இறங்கல, தொபுக்னு விழுந்துச்சு. அப்ப என்னோட முந்நூத்திப் பத்து எங்க போயி விழும்? இருநூறா? நூறா? அது அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அன்னைலேருந்து ஒரு கல்யாண மண்டபம் கண்ணு முன்னாடி வருது. முந்நூத்திப் பத்துப் பொம்பளைங்க பந்தியில உட்கார்ந்திருக்காங்க, எல்லாருக்கும் வயிறு, ஒருத்திக்கு மட்டும் இலை போடல. ஒவ்வொரு நாளும் அந்த மண்டபத்துலேருந்து ஆளுங்க எழுந்து போய்க்கிட்டே இருக்காங்க. நான் மட்டும் உட்கார்ந்திருக்கேன்.

சொல்லிட வேண்டியதுதானே, டாக்டர்கிட்ட, என்ன பெரிய விஷயம். வேலை போயிடுமா? அந்தம்மா என்ன நகராட்சிக் கமிஷனருக்கா மனு எழுதப் போறாங்க. பயம் வேலையைப் பத்தி இல்ல. இவர். இவர் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார், ஒரு தடவைகூட என்னைத் தனியா அந்த ரூமுக்குள்ள விட்டதில்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எனக்கு முப்பது, காகிதத்துல இருபத்தேழு, இவருக்கு இருபத்தொன்பது. எங்கப்பா அதோட நின்னிருக்கலாம். சர்டிபிகேட்டுல ஒரு தேதி ஜாதகத்துல ஒரு தேதி இருந்தா நாளைக்குப் பேச்சு வரும்னு, ஜூன் அஞ்சுக்கே புதுசா ஒரு ஜாதகம் கணிச்சு வாங்கிட்டார். அதை வெச்சுத்தான் இவங்க வீட்டுல பொருத்தம் பார்த்தாங்க. பத்துக்கு எட்டு. பிரமாதமான பொருத்தம்னு ஜோசியரே எழுந்து நின்னாராம். யாரோட பொருத்தம்? ஜூன் அஞ்சாந்தேதி எங்க ஊர்ல எவளும் பொறக்கல. இல்லாத ஒருத்திக்கும் இவருக்கும் பொருத்தம் பார்த்து, தாலி மட்டும் என் கழுத்துல ஏறிச்சு. பிள்ளை இல்ல பிள்ளை இல்லன்னு கோயில் கோயிலா சுத்தினப்பல்லாம் எனக்குள்ள இதுதான் ஓடும், எப்படிப் பொறக்கும், ராசி அவளோடது, வயிறு என்னோடது. கல்யாணத்தன்னைக்கு அம்மா சடையைப் பின்னிக்கிட்டே காதுல சொன்னா, 'யாரு கேட்டாலும் இருபத்தேழுதான். நீயே நம்பிடு.' அப்பாவும் போயாச்சு, அம்மாவும் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப இந்த உலகத்துல என் வயசு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நான் செத்துப் போனாக்கூட, இறப்புச் சான்றுல மல்லிகா தப்பாத்தான் எழுதுவா.

பதினாலு உள்ள போயாச்சு. பதிமூணு வரவே இல்லையாம். அப்ப ஒரு ஆள் குறைஞ்சுது, பத்து நிமிஷம் குறைஞ்சுது, ஐயோ. கை சில்லுனு இருக்கு. இவர் என் பக்கம் திரும்பாமலே, 'ஏசியை ஏன் இப்படி வெச்சிருக்கானுவோ'ன்னு முணுமுணுத்துட்டு, என் முந்தானையை எடுத்து என் தோளைச் சுத்திப் போட்டு விடறார். இவரை என்னன்னு நினைக்கறது. போன மாசம் ஹால்ல தூளிக்குக் கொக்கி அடிச்சுட்டார், டிரில் போட்டு, கான்கிரீட்டுல, எண்பது கிலோ தாங்கும்னு தொங்கிக் காட்டினார். நாத்தனார் வந்து, பிள்ளை கையில வர்றதுக்கு முன்னாடி எவனாவது கொக்கி அடிப்பானாடா மடையான்னு திட்டினதுக்கு, கொக்கி ஃபேனுக்குன்னு ஒரு பொய் சொன்னார். அந்த ஒரு பொய்க்கே மூஞ்சி சிவந்து போச்சு மனுஷனுக்கு. அவருக்கு நான் பதினாலு வருஷமாச் சோத்தோட பொய்யையும் பிசைஞ்சு போட்டுக்கிட்டிருக்கேன். இன்னொண்ணும் இருக்கு, அதுதான் என்னைத் தின்னுது. எனக்கு முன்னாடி இவருக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்காங்க, மண்ணச்சநல்லூர்ல. எல்லாம் கூடி வந்து, அந்தப் பொண்ணு இவரைவிட அஞ்சு மாசம் மூத்தவன்னு தெரிஞ்சதும் வேண்டாம்னுட்டாங்க. அஞ்சே மாசம்! இதை இவரே எங்கிட்ட ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னார். 'அக்காவைக் கட்டிக்கிட்ட மாதிரி ஆயிருக்கும், தப்பிச்சேன்'ன்னார். நானும் சிரிச்சேன். பூரிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன் அப்ப, மாவுல தண்ணி அதிகமாயிடுச்சு. நான் இவரைவிடப் பதினேழு மாசம் மூத்தவ.

'ஏங்க'ன்னேன். என்னை அறியாம வந்துடுச்சு. 'என்ன, தண்ணி வேணுமா?' இல்லன்னேன். ஒரு சந்தேகம்னேன். சொல்லுன்னார். இங்கயே சொல்லிட்டா, உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா, கத்துவாரா, இவ்வளவு பேர் இருக்காங்க, கத்த மாட்டார், எழுந்து போயிடுவாரோ, ஃபைலை நாற்காலியில வெச்சுட்டுப் படியிறங்கிப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன். 'நான் உங்களைவிடப் பெரியவளா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?' அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'இப்பவே நீ என்னைவிட ரெண்டு இஞ்சு பெரியவதானே, கல்யாண போட்டோவுல எனக்குப் பலகை போட்டாங்களே மறந்துட்டியா?'ன்னுட்டுச் சிரிக்கறார். உயரம்! ஆமா, உயரம்தான்னேன். மூக்குத்தி அம்மாவும் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சு முடிச்சோம்.

சொல்லலேன்னா என்ன ஆகும், அதையும் பார்த்துடுவோம். ஒண்ணும் ஆகாம இருக்கலாம். நூத்துல தொண்ணூத்தொன்பது பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லையாம். அப்ப நான் எதுக்கு வாயைத் திறந்து வீட்டை எரிக்கணும்? சொன்னா அந்த ஊசி. வயித்துல ஊசியைக் குத்திப் பிள்ளையைச் சுத்தி இருக்கிற தண்ணியை எடுப்பாங்களாம், அதுல சில பேருக்குக் கலைஞ்சுடுமாம். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் வந்த ஒண்ணை, நல்லா இருக்கியான்னு கேட்கப் போயி நானே கொன்னுட்டா? கொன்னுட்டான்னு சொல்லாதே. வேற என்ன சொல்றது. அதுவும் நல்ல செய்தி வந்தாச் சரி. வேற மாதிரி வந்தா, என்ன பண்ணப் போறீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு பதில் சொல்லணும், அந்தப் பதில் என் வாயிலேருந்து வரணும். ஆபீஸுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில செல்வராணி இருக்கா. இருபத்தஞ்சு வயசு, அஞ்சு வயசுச் சிரிப்பு. நான் போனா 'மேடம் வந்தாச்சு, மேடம் வந்தாச்சு'ன்னு தெருவுக்கே அறிவிப்பா. காகிதத்தை அடுக்கி முனை தட்டிப் பின் அடிச்சுக் கொடுப்பா, எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கு அவ்வளவு நேரா அடிக்க வராது. அவளைப் பார்த்தா எனக்கு ஒரு நாளும் பாவம்னு தோணினதில்ல. பயம் வந்தது அவ அம்மாவைப் பார்த்துத்தான். ஒரு தடவை அந்தம்மா மிஷினைத் துடைச்சுக்கிட்டே, 'நான் இருக்கிற வரைக்கும் கவலை இல்ல மேடம்'னாங்க. மீதியைச் சொல்லல. என் பிள்ளைக்கு இருபது வயசாகறப்ப எனக்கு அறுபத்தஞ்சு. நாப்பது ஆகறப்ப நான் எங்க இருப்பேன்? பொய் வயசுல கூட்டினாலும் பெரிசா ஒண்ணும் மிச்சமில்ல. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்த மூணு வருஷத்தை எந்த உடம்பு ஏத்துக்கும்? கருமுட்டைக்குத் தெரியுமா நான் ஆதார்ல சின்னவன்னு. வீட்டுக்காரரை ஏமாத்தலாம், ஜோசியரை ஏமாத்தலாம், சர்க்காரையே ஏமாத்தியாச்சு. இது உள்ளயே உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கு. இதுகிட்ட எப்படி நாற்பத்தொண்ணுன்னு சொல்றது. பயமா இருக்கு. யாராவது இந்தப் பெஞ்சுலேருந்து எழுந்து வந்து, நீ சொல்லு, இல்ல சொல்லாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க காலைப் பிடிச்சுக்குவேன். யாரும் எழுந்து வரல. எல்லாருக்கும் அவங்க அவங்க வயிறு.

பதினாறு. பதினேழு. இந்தப் பொண்ணுங்க ஏன் இப்படிச் சீக்கிரம் சீக்கிரமா வெளியில வராங்க, உள்ள கொஞ்சம் சந்தேகம் கேட்டா என்ன, என்ன சாப்பிடறது, எப்படிப் படுக்கறது, கேட்க ஆயிரம் இருக்கே. பாத்ரூம் போகணும் போல இருக்கு. இப்பத்தான் போனேன். போனா அங்கயே கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்துடுவேன், அப்புறம் டோக்கன் போயிடும், கடைசியாத்தான் கூப்பிடுவாங்க, அது நல்லதுதானே, நல்லது இல்ல, ஊசி போடறதா இருந்தா இன்னும் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள போட்டாத்தான் ரிசல்ட் வந்து யோசிக்க நேரம் இருக்கும்னு படிச்சேன். இன்னைக்கு விட்டா அடுத்து இருபதாவது வாரம்தான் வரச் சொல்வாங்க. அப்ப இன்னைக்குத்தான். ஏன் எல்லாம் இன்னைக்குன்னே வருது. இவர் ஃபைலைத் திறந்து காகிதத்தையெல்லாம் ஒருதரம் சரி பார்க்கறார், பச்சைக் கட்டம் போட்டது மேல வர்ற மாதிரி மாத்தி வெக்கறார். பரீட்சையில பாஸான பையன் மார்க் ஷீட்டைக் காட்டப் போற மாதிரி. பதினெட்டு போயாச்சு. மூக்குத்தி அம்மா பொண்ணுதான் பதினெட்டு. போறப்ப என் கையை ஒரு அழுத்து அழுத்திட்டுப் போறாங்க, 'நல்லபடியா ஆகும், உங்களுக்கென்ன'ன்னு. எனக்கென்ன. நான் ஆமாங்கன்னேன்.

பத்தொன்பது. பூங்கோதை தனபால். எழுந்துட்டேன், கால் தானா நடக்குது. டாக்டர் ரெஜினா நல்லவங்க, சிரிச்ச முகம், 'வாங்க பூங்கோதை, வாந்தி நின்னுச்சா?'ன்னு கேட்டாங்க. நின்னுடுச்சுன்னேன். பிரஷர் பார்த்தாங்க, கொஞ்சம் ஏறியிருக்கே, படி ஏறி வந்தீங்களான்னாங்க. இவர்தான் ஆமாங்க மேடம்னார், லிஃப்ட்டுல கூட்டமா இருந்துச்சுன்னு. படுக்க வெச்சு, வயித்துல அந்தச் சில்லுனு இருக்கிற ஜெல்லைத் தடவி, கருவியை வெச்சாங்க. டபடபடபன்னு ஓடுது. இவ்வளவு அவசரமா எங்க ஓடுது இது. 'நல்லா இருக்கு, பார்த்தீங்களா'ன்னாங்க. இவர் கண்ணைத் துடைச்சுக்கறார், ஒவ்வொரு தடவையும் துடைச்சுக்கறார். நான் எழுந்து புடவையைச் சரி பண்ணிக்கிட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்தேன். டாக்டர் எழுதிக்கிட்டே, 'ரிசல்ட்டுதான் போன தடவையே பார்த்தோம், நல்லா வந்திருக்கு, ஊசியெல்லாம் உங்களுக்குத் தேவையில்ல, இரும்பு மாத்திரையை மட்டும் விடாதீங்க, இருபதாவது வாரம் ஸ்கேனுக்கு வாங்க'ன்னாங்க. 'ரொம்ப நன்றிங்க மேடம்'னு இவர் எழுந்துட்டார். ஃபைலை மூடிட்டார். வா கோதைன்னார். நான் எழுந்திருக்கல. 'டாக்டர், அந்தக் கணக்குல என் வயசு தப்பு.' என் குரல்தான். ஆபீஸ்ல பேசற குரல், கறாரா வந்துச்சு. 'எது தப்பு?'ன்னாங்க. 'எனக்கு நாற்பத்தொண்ணு இல்ல. நாற்பத்தி நாலு.'

இவர் சிரிச்சார். அதை நான் யோசிச்சே பார்க்கல, கத்துவார்னு யோசிச்சேன், எழுந்து போவார்னு யோசிச்சேன், சிரிப்பார்னு யோசிக்கல. 'இல்லைங்க மேடம், நாற்பத்தொண்ணுதான், ஆதார் இருக்கே, இவ நாலு நாளாத் தூங்கல, அதுதான் உளர்றா'ன்னு சொல்லிக்கிட்டே ஃபைல்லேருந்து ஆதார் ஜெராக்ஸை எடுத்து மேஜையில வெச்சு, தேதி மேல விரலை வெச்சுக் காட்டறார். ஜூன் அஞ்சு. என் தோளைத் தட்டி, 'ஒண்ணும் ஆகாதும்மா, எழுந்திரு'ன்னார். எவ்வளவு சுலபமா ஆயிடுச்சு பாருங்க. எழுந்திருச்சுட்டாப் போதும். ஆமாங்க, தூக்கமில்ல, உளறிட்டேன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டாப் போதும், டாக்டரும் சிரிப்பாங்க, காபி, பஸ், வீடு. கதவே திறந்திருக்கு. நான் டாக்டரைப் பார்த்துச் சொன்னது பத்தாது, இவரைப் பார்த்துச் சொல்லணும், அதுதான் இருக்கிறதுலயே கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. திரும்பினேன். வார்னிஷ் வாசனை அடிச்சுது. 'ஏங்க. நீங்க பொறக்கும்போது எனக்குப் பல்லு முளைச்சு நான் நடந்துக்கிட்டிருந்தேன்.'

தோள்ல இருந்த கை அப்படியே இருந்துச்சு, அப்புறம் இல்ல. டாக்டர் பேனாவை மூடி வெச்சுட்டு, 'நிஜமான தேதி தெரியுமா?'ன்னாங்க. தெரியும்னேன். எண்பத்தொண்ணு, பிப்ரவரி அஞ்சு. எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்கன்னேன். அவங்க கம்ப்யூட்டர்ல தட்டினாங்க. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக் கேட்டுச்சு. இவர் நிக்கறார், நின்னுக்கிட்டே இருக்கார், நான் அவர் பேன்ட்டு மடிப்பை மட்டும் பார்த்துக்கிட்டிருக்கேன். நூத்திப் பதினெட்டுல ஒண்ணுன்னாங்க டாக்டர். கோளாறு இருக்குன்னு அர்த்தம் இல்லம்மா, நூத்திப் பதினேழு பேருக்கு ஒண்ணும் இல்லன்னும் அர்த்தம், ஆனா இந்த எண்ணுக்கு ஊசி போட்டுப் பார்த்துடறீங்களான்னு நான் கேட்டே ஆகணும், அதுல கலையறது ஐந்நூறுல ஒருத்தருக்குத்தான், ஆனா அதையும் நான் சொல்லியாகணும், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கன்னாங்க. ரெண்டு பேரும். ஜெசிந்தா சிஸ்டர் கதவைத் திறந்து இருபதை அனுப்பவான்னு கேட்டு, டாக்டர் கையைக் காட்டினதும் சாத்திட்டாங்க. இவர் வெளியில போயிடுவார்னு கதவையே பார்த்தேன். நாற்காலி இழுபடற சத்தம் கேட்டுச்சு. உட்கார்ந்தார். ஃபைலை மடியில வெச்சுக்கல, மேஜை மேல வெச்சார். என் பக்கம் திரும்பாம, டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

'அந்த ஊசி, இவங்களுக்கு ரொம்ப வலிக்குமா மேடம்?'

இவங்களுக்கு. பதினாலு வருஷத்துல என்னை இவர் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல, இவ, அவ, எங்க கோதை, அவ்வளவுதான். வேத்தாளுன்னு சொன்னாரா, மூத்தவன்னு சொன்னாரா, முகத்தைப் பார்த்தாத் தெரிஞ்சுடும். பார்க்கப் பயமா இருக்கு. டாக்டர் வலியைப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டிருக்காங்க, அவர் தலையாட்டிக் கேட்டுக்கிட்டிருக்கார், ஒண்ணு விடாம.